ஒஸ்லோவில் காகம் சுடப் போன கதை

என் தங்கை வதனாவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. "ரெண்டு மாசம் வந்து நில்லுங்கோ அக்கா, எனக்குக் குனிஞ்சு ஒரு சட்டி எடுக்க ஏலாது" என்று தொலைபேசியில் அழுதாள். இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்து நகைக்கடையில் தோடும் மூக்குத்தியும் எடுத்துக் காட்டிக்கொண்டு நிற்கிற எனக்கு ஒஸ்லோவில் என்ன வேலை? பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். முன்பின் தெரியாதவர்கள் பெயர் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்வேன். அப்படிப்பட்டவள் துவக்கோடு வயலுக்குப் போய்வந்தேன் என்றால் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வதனாவின் வீடு ஹவுகன்ஸ்டுவாவில், அடுக்குமாடி ஒன்றின் ஆறாம் தளத்தில். அந்த லிஃப்ட் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மாலையில் ஒவ்வொரு மாடியில் நிற்கும்போதும் ஒரு நாட்டின் சமையல் உள்ளே வரும். இரண்டில் பாகிஸ்தான் இறைச்சிக்கறி, நாலில் சோமாலியாக்காரரின் ஏலக்காய்ச் சோறு, ஆறில் எங்கள் மீன்குழம்பு. ஐந்தில் மட்டும் ஒரு வயதான நோர்வேக்காரி. அங்கே கோப்பி வாசம் மட்டும்தான்.

வந்த சில நாட்களில் தனியாக நகரத்துக்குப் போய்வரலாம் என்ற துணிவு வந்தது. போனது சரி. திரும்பும்போது ரயில் ஹவுகன்ஸ்டுவாவில் நின்றது, நானும் கதவுக்கு முன்னால் நின்றேன். கதவு திறக்கவில்லை. பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிற பொத்தானை நாங்கள்தான் அமத்த வேண்டுமாம். அது எனக்குத் தெரியாது. பின்னால் இருந்தவரிடம் கேட்கலாம்தான். கேட்க வாய் வரவில்லை. ரயில் புறப்பட்டது. அடுத்த நிலையத்திலும் அப்படியே நின்றேன், அதற்கடுத்ததிலும். கடைசியில் லில்லஸ்ட்ரோமில் எல்லாரும் இறங்கியபோதுதான் நானும் இறங்கினேன்.

நான் தொலைபேசியில் சொல்ல, நேசன் காரில் வந்து ஏற்றினார். வதனாவின் கணவர். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. என்னைவிட இளையவர் என்பதால் நான் தம்பி என்றுதான் கூப்பிடுவது.

"என்னக்கா, நாட்டைச் சுத்திப் பாத்தாச்சோ?"

"கதவு திறக்கேல்லைத் தம்பி."

"உங்கட கடை மாதிரி நினைச்சியளோ, ஆள் நிண்டு திறந்துவிட?" என்று சிரித்தார். வழியில் பெற்றோல் நிலையத்தில் ஒரு சொசேஜை மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டியில் சுற்றி வாங்கித் தந்தார். நவராத்திரி தொடங்க இன்னும் நாள் இருந்ததால் தைரியமாகச் சாப்பிட்டேன். உப்பு மட்டும்தான், உறைப்பு என்ற பேச்சே இல்லை. ஆனாலும் அந்தக் குளிரில் கையில் சூடாக இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நேசன் நடையின் முடிவில் இருந்த சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே கிறீச் என்று ஒரு சத்தம், பிறகு டொக் என்று ஒன்று. மறுபடியும் கிறீச், டொக்.

"தம்பி உள்ளுக்கு என்ன செய்யிறார்?" என்று வதனாவைக் கேட்டேன்.

"ரவை செய்யிறார்" என்றாள், இடியப்பம் பிழிகிறார் என்பதுபோல.

ரவை என்றால் எங்கள் பக்கத்தில் துவக்கில் போடுவது. நான் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். தெருவில் கிடந்த வெற்று ரவைக் கோது ஒன்றைப் பிள்ளை பொறுக்கி வந்தாலே வீடு முழுக்க நடுங்கிய ஊர் எங்களுடையது. அப்போது அங்கே சண்டை நின்றிருந்தது. நடுக்கம் நிற்கவில்லை.

வதனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "திரையை விடுங்கோ அக்கா. இஞ்சை உதுக்கு வகுப்பு இருக்கு, சோதினை இருக்கு. எல்லாம் பாஸ் பண்ணி, பொலிசுக்குத் தெரிஞ்சுதான் செய்யிறார். போய்ப் பாருங்கோ."

போய்ப் பார்த்தேன். மேசையில் கைபிடி வைத்த இரும்புப் பிரஸ் ஒன்று திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. ஏற்கெனவே சுட்ட பித்தளைக் கோதுகளைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிரஸ்ஸில் வைத்து அமத்த, விரிந்த கோது பழைய அளவுக்கு வருகிறது. அடியில் பொட்டு அளவான வெடிக்கும் மூடி ஒன்றைப் பொருத்துகிறார். வெடிமருந்தை நிறுத்துக் கொட்டுகிறார். மேலே செம்பு நிறக் குண்டை வைத்து மறுபடி அமத்துகிறார். முடிந்தது. என் சுண்டுவிரலைவிடச் சிறியது.

மருந்து நிறுக்கும் தராசைப் பார்த்ததும் என் பயம் பாதி போய்விட்டது. எங்கள் கடையில் தங்கம் நிறுப்பதைப்போலவே மூச்சை அடக்கிக்கொண்டு நிறுத்தார். கருமிளகுத் தூள் போன்ற மருந்து. கடைசி ஒரு மணி விழுந்ததும் முள் நடுவில் வந்து நிற்கிறது.

"கடையில விக்கிறது இல்லையோ தம்பி?"

"இருக்கு. அது ஊருக்கெல்லாம் பொதுவாத் தைச்ச சட்டை அக்கா. இது என்ர துவக்குக்கு அளவெடுத்துத் தைக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி இருக்கோணும். ஒண்டு எங்கை போகுதோ மற்றதும் அங்கை போகோணும்."

"இதாலை எதைச் சுடுவியள்?"

அவருடைய முகம் கொஞ்சம் வாடியது. "கடதாசியை" என்றார்.

பிறகு வதனா விவரம் சொன்னாள். வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணி மூன்று வருடமாகிறதாம். ஆனால் இந்த நாட்டில் நிலத்துக்காரர் ஓம் சொன்னால்தான் அவருடைய நிலத்தில் சுடலாம். நேசன் எத்தனையோ வாசலில் போய்க் கேட்டிருக்கிறார். எல்லாரும் மரியாதையாக, கோப்பியும் கொடுத்து, இல்லை என்றார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஆகவே சனிக்கிழமைதோறும் சுடும் மைதானத்துக்குப் போய்க் கடதாசி வட்டத்தைச் சுட்டுவிட்டு வருவார். "ஆம்பிளை கடதாசி சுட்டுச் சுட்டே நரைச்சிட்டார்" என்றாள்.

இப்போதுதான் ஒரு வழி திறந்திருந்தது. ஆர்னே என்ற விவசாயியை அந்த மைதானத்தில் பழக்கம். அவருடைய பண்ணை ஒஸ்லோவுக்கு வடகிழக்கே, வயல்கள் நிறைந்த பக்கத்தில். அங்கே காகம் சுட்டுவந்த கிழவர் இனி நடக்க மாட்டாராம். "சனிக்கிழமை வா, பார்ப்போம். சரிவராவிட்டால் பக்கத்து வீட்டு மருமகன் கேட்டுக்கொண்டிருக்கிறான்" என்று ஆர்னே சொல்லியிருந்தார். அந்த ஒரு சனிக்கிழமைதான் நேசனுக்குக் கிடைத்த சந்தர்ப்பம்.

"காகத்தையோ சுடப்போறியள்?" என்று கேட்டுவிட்டேன். புரட்டாசிச் சனியில் காகத்துக்குச் சோறு வைத்து, அது வந்து கொத்தும்வரை பட்டினி கிடக்கிறவள் நான்.

"அது சனீஸ்வரன்ர காகம் இல்லை அக்கா. இஞ்சத்தைக் காகம் வேற சாதி. வந்து பாருங்கோவன்."

"ஓம், நீங்களும் போங்கோ" என்றாள் வதனா. "வந்த நாள்முதல் என்ர காலையே பாத்துக்கொண்டிருக்கிறியள்."

அந்தச் சனிக்கிழமை விஜயதசமியாக வந்தது. முதல்நாள் சரஸ்வதி பூசை. குனிய முடியாத வதனாவுக்குப் பதிலாக நான்தான் எல்லாம் செய்தேன். புத்தகங்கள், என் கத்தரிக்கோல், நேசனின் சமையல் கத்திகள் எல்லாவற்றையும் படத்துக்கு முன் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டேன். பிரஸ்ஸை மேசையிலிருந்து கழற்ற முடியாது. ஆகவே சந்தனக் கிண்ணத்தோடு அந்த அறைக்குள்ளேயே போனேன்.

நேசன் பின்னாலேயே ஓடிவந்தார். "அக்கா, சந்தனம் என்னவும் செய்யுங்கோ, கற்பூரத்தை மட்டும் உள்ளுக்குக் கொண்டு வராதேங்கோ! ஆறு மாடியும் போயிடும்!"

"விடிய பூசை முடியும்வரை நீங்களும் ஒண்டையும் தொடக்கூடாது" என்றேன். இந்த விஷயத்தில் எனக்கு வெட்கமே வராது. நாளைக்குக் கொண்டுபோக ரவை இன்னும் செய்யவில்லை என்று முணுமுணுத்தார். ஆனாலும் கேட்டார்.

காலையில் பொங்கல் படைத்துத் தீபம் காட்டியதும், வாயில் பொங்கலோடு அறைக்குள் ஓடினார். கிறீச், டொக். அவசர அவசரமாக ஒரு சின்னப் பெட்டி நிறையச் செய்துகொண்டு வந்தார். மரக்கறி நாளாயிற்றே என்று நான் தயங்க, "ஊரிலை கோயில் அம்மாளே இண்டைக்கு வாள் கொண்டுபோய் வாழை வெட்டுறா. நாங்கள் போனால் என்ன?" என்றார். காரில் ஏறினோம்.

நகரம் முடிந்ததும் அறுவடை முடிந்த வயல்கள். நடுவில் வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிய பெரிய பெரிய உருண்டைகள். மாட்டுக்குக் குளிர்காலத்துக்கென்று புல்லைச் சுற்றி வைத்திருக்கிறார்களாம். ட்ராக்டர் இட்ட முட்டை என்று பகிடியாகச் சொல்வார்களாம். காகம் அதில் ஏறி நின்று கொத்தி ஓட்டை போடும். காற்றுப் புகுந்தால் முழு உருண்டையும் பூஞ்சணம் பிடித்துவிடும். மாடு வாய் வைக்காது. ஆர்னேக்குக் காகத்தில் இருந்த கோபம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆர்னே உயரமான மனிதர், சொற்களை எண்ணிச் செலவழிப்பவர். அவருடைய மனைவி பெரித் அதற்கு நேர்மாறு. நேசன் துவக்கை எடுத்ததும் பெரித் சிரித்தபடி ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?" என்றேன்.

"உங்கட வேட்டை நாசமாப் போகட்டும் எண்டுறா."

நான் திடுக்கிட்டேன். நல்லாய் அமையட்டும் என்று சொன்னால் இங்கே வேட்டைக்காரருக்கு ஆகாதாம். எங்கள் ஊரில் புறப்படுகிறவரிடம் எங்கே என்று கேட்க மாட்டோம், கேட்டுவிட்டால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம். அப்படித்தான் இதுவும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பண்ணைக் கொட்டிலின் பாதி திறந்த கதவுக்குள் நேசன் படுத்துக்கொண்டார். எதிரே தூரத்தில் வேலி, வேலிக்கட்டைகளுக்குப் பின்னால் மண்மேடு. அதனால் தவறினாலும் ரவை மண்ணுக்குள்தான் போகும். எனக்குக் காதை மூடும் கவசம் தந்தார்கள். சற்றுநேரத்தில் ஒரு காகம் வந்து கட்டையில் இருந்தது. உடம்பு சாம்பல், தலையும் சிறகும் கறுப்பு. கையில்லாத சாம்பல் சட்டை போட்டதுபோல. நேசன் சொன்னது சரிதான், இது சனீஸ்வரனின் காகம் இல்லை.

சுட்டார். நான் பழக்கத்தில் தரையோடு குந்திவிட்டேன். கால் நோகிறதாக்கும் என்று நினைத்துப் பெரித் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டாள்.

காகம் பறந்துவிட்டது. கட்டையிலிருந்து ஒரு சிராய் தெறித்திருந்தது. அரைமணித்தியாலம்போலக் காத்திருந்த பிறகு இன்னொன்று வேறு கட்டையில் வந்து இருந்தது. மறுபடியும் சுட்டார். மறுபடியும் சிராய். காகம் ஏதோ திட்டிக்கொண்டு போனது.

ஆர்னே தொலைநோக்கியால் பார்த்தார். மெதுவாக ஒரு வசனம் சொன்னார். நேசனின் காது சிவந்தது. பிறகுதான் எனக்கு மொழிபெயர்த்தார்: "வேலிக்கட்டையைச் சுட எனக்கு ஆள் தேவையில்லை."

இனிக் காகம் உடனே வராது என்று வீட்டுக்குள் கூட்டிப்போனார்கள். பெரித் இதய வடிவத்தில் வாஃபிள் சுட்டு, மேலே ஜாமும், கருப்பட்டி நிறத்தில் இனிக்கிற பாற்கட்டித் துண்டும் வைத்துத் தந்தாள். முதல் கடி வினோதமாக இருந்தது. மூன்றாவது வாஃபிளுக்கு நானே கை நீட்டினேன். நேசன் ஒன்றையும் தொடவில்லை. ஆர்னே பக்கத்து வீட்டுப் பக்கம் கையைக் காட்டிப் பெரித்திடம் ஏதோ சொல்ல, நேசன் தலையை இன்னும் கீழே போட்டார்.

"குறிபாக்கிற கண்ணாடி ஆடேல்லை, துவக்கு சரி" என்று எனக்கோ தனக்கோ தமிழில் சொன்னார். "ரெண்டும் நேரா நாலு விரல் கீழை. மருந்து குறைஞ்சால்தான் இப்பிடி விழும். நான் தராசிலை வடிவா நிறுத்துத்தான் போட்டனான்."

நான் கையிலிருந்த வாஃபிளைத் தட்டில் வைத்தேன்.

தராசு.

வாய் திறக்கவா வேண்டாமா என்றிருந்தது. மேசையைச் சுற்றி முன்பின் தெரியாத முகங்கள். பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நேசன் அந்தக் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி... தராசுக்கும் பொட்டு வச்சனான்."

"முள்ளிலையோ?"

"தட்டிலை. உள்ளுக்கு வச்சால் மருந்து ஒட்டும் எண்டு அடியிலை வச்சனான். நல்லா, தடிப்பா."

நேசன் கோப்பையைத் தள்ளிவைத்தார். முந்தின நாளே தராசைச் சமன் செய்து வைத்திருந்ததால், காலை அவசரத்தில் மறுபடி பார்க்கவில்லையாம். சந்தனத்தின் நிறையும் மருந்தின் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு கோதிலும் ஒரு பொட்டளவு மருந்து குறைவு. அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தார்.

"காகத்துக்குச் சோறு வைக்கிற மனுசி! சந்தனம் பூசிக் காப்பாத்திப்போட்டியள் அக்கா!"

பிறகு ஆர்னேக்கும் பெரித்துக்கும் சொல்ல வேண்டியிருந்தது. ஆண்டில் ஒருநாள் வேலைச் சாமானுக்கெல்லாம் பொட்டு வைத்துக் கும்பிடுவோம், அன்று அதற்கு ஓய்வு என்று நேசன் விளக்கினார். பெரித் மேசையில் அடித்துச் சிரித்தாள். ஆர்னே மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"எல்லாச் சாமானுக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"ட்ராக்டருக்கும்?"

"ட்ராக்டருக்கு மாலையும் போடுவம்."

ஆர்னே தலையை ஆட்டினார். இதுவரை சொன்னதிலேயே அது மட்டும்தான் நியாயம் என்பதுபோல.

அப்போது நேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எல்லாத்திலையும் ஒரே அளவுதான் குறைஞ்சிருக்கு. அப்ப எல்லாம் ஒரே அளவுதான் கீழை விழும். நான் நாலு விரல் மேலை பிடிச்சால் சரி." இதை நோர்வேஜிய மொழியிலும் சொன்னார். ஆர்னே எழுந்தார். "முதலில் பலகையில் காட்டு" என்றார்.

மண்மேட்டின் முன் ஒரு பழைய பலகையை நிறுத்தி, கரியால் முட்டையளவு வட்டம் போட்டார்கள். நேசன் வட்டத்துக்கு மேலே குறிவைத்துச் சுட்டார். வட்டத்துக்குள் ஓட்டை. இன்னொன்று. முதல் ஓட்டையைத் தொட்டபடி இரண்டாவது. ஆர்னே விரலை விட்டுப் பார்த்தார்.

இனிக் காகம்தான் வர வேண்டும். அதற்கு ஆர்னேயிடம் ஒரு தந்திரம் இருந்தது. கொட்டிலுக்குள் ஆட்கள் போனதைக் காகம் மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்குமாம். வெளியே வருவதைக் கண்டால்தான் இறங்குமாம். ஆகவே எல்லாரும் உள்ளே போனோம். பிறகு பெரித்தும் நானும் மட்டும் காகத்துக்குத் தெரியும்படி கையைக் கோத்துக்கொண்டு, உரத்துக் கதைத்துக்கொண்டு வெளியே வந்தோம். அவள் நோர்வேஜிய மொழியில் என்னவோ சொன்னாள். நான் தமிழில், எங்கள் கடை முதலாளி எவ்வளவு கஞ்சன் என்று முற்றத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை சத்தமாகச் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு உரத்து நான் பேசியதில்லை. பெரித் ஒவ்வொரு வசனத்துக்கும் "யா, யா" என்றாள்.

சமையலறை ஜன்னலில் நின்றோம். பெரித் தொலைநோக்கியை என் கையில் தந்தாள். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு சாம்பல் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். வேலிக்கட்டையில் இருந்து இடமும் வலமும் பார்த்தார்.

டப் என்றது. காகம் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. பறக்கவுமில்லை, துடிக்கவுமில்லை.

"ஐயோ, விழுந்திட்டுது!" என்று நான் கத்த, பெரித் என்னைக் கட்டிப்பிடித்தாள். பொழுது சாய முன் இன்னும் இரண்டு விழுந்தன. ஒரு கட்டையிலும் புதுச் சிராய் இல்லை.

புறப்படும்போது ஆர்னே கைகொடுத்தார், நன்றி என்றுகூடச் சொன்னார். ஆனால் இனி வா என்றோ வராதே என்றோ சொல்லவில்லை. நேசனும் கேட்கவில்லை. ஏன் கேட்காமல் நிற்கிறார் என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை. கார்க் கதவைத் திறக்கும்போது ஆர்னே வாசற்படியில் நின்றபடியே கொட்டில் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். பெரித் கை அசைத்தாள். நாங்கள் வந்துவிட்டோம்.

நேசன் தெருவையே பார்த்து ஓட்டினார். வயல் முடிந்து பெருந்தெரு வந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"தம்பி, கடைசியா அவர் என்ன சொன்னவர்?"

"காட்டுப் பாதைத் தடையின்ர பூட்டுத் திறப்பு கொட்டில் கதவுக்குப் பின்னாலை ஆணியிலை தொங்குதாம். விடியப்புறம் வந்தால் தங்களை எழுப்பாமல் எடுக்கட்டாம்."

"அப்ப..." என்றேன்.

"ஓம் அக்கா. அதுதான்."

சொல்லிவிட்டு ஒரு பேருந்துத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தினார். இறங்கினார். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற, தலை நரைத்த மனிதர், இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு காரைச் சுற்றி ஓடினார். ஒருமுறை ஓடி முடித்துவிட்டு மறுபடியும் ஓடினார். நானும் இறங்கிக் கைதட்டினேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு பேருந்து வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. கையைத் தூக்கியதால் நாங்கள் ஏறப்போகிறோம் என்று சாரதி நினைத்திருக்க வேண்டும், கதவைத் திறந்தார். நேசன் மூச்சு வாங்கியபடி படியில் ஒரு காலை வைத்து, நோர்வேஜிய மொழியில் அவரிடம் சொன்னார்:

"எனக்கு நிலம் கிடைச்சிட்டுது!"

சாரதி நேசனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். பேருந்து போனது. உள்ளே இருந்த இரண்டு பேர் ஜன்னலால் எங்களுக்குக் கை காட்டினார்கள்.